நாலு கட்டமும் ஒரு பாவும்

சங்கரன்கோவில்,
ஆனி மாதக் கடைசி.

என் மகனுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை, கால்வலி இருக்கிறது, தறி ஓடுகிறது. நலம் விசாரித்ததற்கு இவ்வளவு பதில் போதும். கார்டில் எழுதினால் தபால்காரரில் தொடங்கி தேரடி வெற்றிலைக் கடை வரைக்கும் எல்லோரும் படித்துவிடுவார்கள் என்பதால் கவர் வாங்கி எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, அதற்கப்புறம் இத்தனை நீளமாக யாருக்கும் எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. மத்தியானம் தறியை நிறுத்துகிற நேரங்களில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், அதனால் ஓரிடத்தில் கோபமாகவும் ஓரிடத்தில் சாந்தமாகவும் இருக்கும். கோபமாக இருக்கிற இடங்களை இரண்டு முறை படி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். மெட்ராஸில் உங்கள் காலேஜுக்குச் சீமையில் படித்துவிட்டு ஒரு புரொபசர் வந்திருக்கிறார். அவர் இரண்டு திருடர்களின் கதை சொன்னார். போலீஸ்காரன் இரண்டு பேரையும் வேறு வேறு அறையில் அடைத்துவிட்டு, "மற்றவனைக் காட்டிக்கொடு, உன்னை விட்டுவிடுகிறேன்" என்று ஒவ்வொருவனிடமும் தனியாகச் சொல்கிறான். இரண்டு பேரும் வாயைத் திறக்காவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் மற்றவன் என்ன செய்வானோ என்று பயந்து இருவருமே காட்டிக்கொடுத்து இருவருமே மாட்டிக்கொள்கிறார்கள். மனிதன் தன் லாபத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பான், அதுதான் புத்தி, அதை வைத்து ஊர் நடப்பை எல்லாம் விளக்கிவிடலாம் என்று அவர் சொன்னாராம். அதற்கு நாலு கட்டம் போட்டுக் காட்டினாராம். நீயும் நாலு கட்டம் போட்டிருக்கிறாய். நான் நம் நெசவாளர் சங்கத்தில் இருந்தால், ஜவுளிக்கடை முதலாளியிடம் போனால், மற்றவர்கள் இருந்தால், போனால். எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும் சங்கத்தை விட்டு முதலில் போகிறவர்களுக்கே லாபம், கடைசியாக நிற்கிறவர்கள்தான் ஏமாளிகள் என்று அடியில் கோடு கிழித்திருக்கிறாய். ஆடித் தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் சங்க மகாசபை கூடுமுன் சங்கத்திலிருந்து விலகிவிட வேண்டும், தறியை விற்றுவிட்டு நான் மெட்ராஸுக்கு வந்துவிட வேண்டும். சங்கத்தில் நம் வீட்டுப் பங்கு உன் பேரில் இருப்பதால் நீயே ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறாய். காரியதரிசியிடம் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. அதை என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உன் கட்டங்களைப் பழிக்க வரவில்லை. கட்டம் போட்ட சேலை நெய்கிறவளுக்குக் கட்டத்தின் மேல் என்ன பகை? மூன்று கட்டங்கள் எனக்குப் பார்த்தவுடன் விளங்கின. நாலாவதில்தான் நின்றுவிட்டேன். எல்லோரும் சங்கத்தை விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும் என்ற கட்டத்தில் நீ "கூலி சற்றுக் குறையலாம்" என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். மகனே, அந்தக் கட்டத்துக்குள் நான் குடியிருந்திருக்கிறேன். நீ பிறந்ததும் அதற்குள்தான். முதலாளி நூல் கொடுப்பார், உன் அப்பா நெய்து கொண்டுபோய்க் கொடுப்பார். முதலாளி துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். வெளிச்சத்தில் பிடித்தால் எந்தத் துணியிலும் ஒரு குறை தெரியும். இழை தடித்திருக்கிறது, சாயம் ஒட்டவில்லை, ஓரம் கோணல். அவர் சொல்லச் சொல்லக் கூலி இறங்கும். உன் அப்பா கடைப்படிக்குக் கீழே நின்று, மேல்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பார். வீட்டுக்கு வந்து என் மேல் எரிந்து விழுவார். வேறு கடைக்குப் போகலாம் என்றால், எல்லாக் கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் சம்பந்தம் செய்தவர்கள். வேறு வழி இல்லாத இடத்தில் மனிதனுக்குப் புத்தி எவ்வளவு இருந்து என்ன? உன் புரொபசரிடம் இதைக் கேள்.

சங்கம் வந்தது ஒற்றுமையினால் என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதே. யுத்த காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. கடையில் நூல் இல்லை, இருந்த நூல் பின்வாசல் வழியாகப் போயிற்று. தறிகள் சும்மா நின்றன. தெருவில் சாயங்காலம் அடுப்புப் புகை எழும்பாத வீடுகள் எவை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சங்கமாகச் சேர்ந்தால்தான் சர்க்கார் நூல் கிடைக்கும் என்றார்கள், சேர்ந்தோம். அண்ணன் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடப் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வயிறுதான் சேர்த்துவைத்தது. அந்தக் கணக்கில் உன் புரொபசர் சொல்வது சரியே.

இனி வருவது அவருக்காக எழுதுவது, நீ படித்துக் காட்டு. உனக்கு இது தெரிந்த விஷயம். ஒரு சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூல் பாவு, குறுக்கே ஓடுகிறது ஊடை. ஊடையை வீட்டுக்குள் ஒருவரே ஓட்டிவிடலாம். பாவு அப்படி அல்ல. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களின் மேல் நிறுத்தி, கஞ்சிப்பசை ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பெரிய பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போக வேண்டும், கூடவே சிலர் அறுந்த இழைகளை முடிந்துகொண்டே வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி காய்ந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பாவு குட்டிச்சுவர்தான். ஒரு குடும்பத்தால் இது நடக்காது. எவ்வளவு பெரிய சூரனானாலும் அவனுக்கு இருப்பது இரண்டு கைதான். அதனால் என் பாவுக்கு நீ வா, உன் பாவுக்கு நான் வருகிறேன். இதற்குக் கூலி கிடையாது, காப்பி மட்டும் உண்டு.

இந்தப் பாவை வைத்தே நம் தெரு ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தது. வேறு எந்த ஊர்க்காரர்களும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க முடியாது, ஏனென்றால் அதற்கு நெசவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற சங்கரலிங்கத்தைப் பற்றியது. நூல் தங்கம்போல் இருந்த நேரத்தில், சங்கம் கொடுத்த நூலில் பாதியை அவன் புளியங்குடிப் பக்கம் கொண்டுபோய்க் கள்ள விலைக்கு விற்றுவிட்டான். மீதி நூலில் துணியை நெருக்கம் இல்லாமல் கலகலவென்று நெய்து, கஞ்சியை ஏற்றி எடையைச் சரிக்கட்டிக் கொடுத்தான். ஒரு துணியை நனைத்துப் பார்த்தபோது வலைமாதிரி இருந்தது, குட்டு வெளிப்பட்டது. உன் கட்டத்தில் பார்த்தால் அவன் செய்ததுதான் புத்தி. மற்றவர்கள் ஒழுங்காக நெய்து சங்கத்தைக் காப்பாற்றுவார்கள், தான் மட்டும் விற்றுக்கொள்ளலாம். எல்லோரும் அவனைப்போல் செய்திருந்தால் சர்க்கார் நூலை நிறுத்தியிருக்கும், அத்தோடு சங்கத்துக்குத் தலைமுழுக்கு. அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். சங்கத்தை விட்டு நீக்க வேண்டும் என்றார் ஒருவர், அபராதம் என்றார் இன்னொருவர். உன் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. "வே, அவன எதுக்கு நீக்கணும்? அவன் பாவுக்கு ஒருத்தரும் போவாண்டாம். தானா வழிக்கு வருவான்" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. எனக்கும் பிடித்தது. சங்கரலிங்கத்தைத் தண்டித்ததற்கு நான் அன்றைக்கும் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தப்படவில்லை. தண்டித்த விதம்தான் மடத்தனம்.

அவன் பாவு நீட்டுகிற நாள் வந்தது. அவன் அவமானத்தில் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தான். அவன் பெண்டாட்டி கோமதிதான் வெளியே வந்தாள். கஞ்சியைக் காய்ச்சி எடுத்து வந்து, கொழுந்தனாரை மட்டும் வைத்துக்கொண்டு பாவை இழுத்துக் கட்டினாள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. "எக்கா, வாங்களேன். யாராவது வாங்களேன்" என்று அவள் கூப்பிட்டது எல்லா வீட்டுக்கும் கேட்டது. அவள் ஒரு முனையில் பிரஷ் போட்டுக்கொண்டு போவதற்குள் மறுமுனை காய்ந்தது. அங்கே ஓடினால் இங்கே காய்ந்தது. கிழக்கே வெயில் ஏறியது. கடைசியில் அவள் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விடலாம் என்று கால் எழும்பியது, தெருவே எடுத்த முடிவு என்று நினைத்து நின்றுவிட்டேன். மத்தியானம் காரியதரிசி வந்து அந்தப் பாவைத் தொட்டுப் பார்த்தார். முழுப் பாவும் கட்டையாக ஒட்டிப்போயிருந்தது. அவர் தலையில் கைவைத்தார். "ஏலே, இது யாரு நூலு? சங்கத்து நூலுல்லா!" என்றார். சங்கத்தின் நூலைத் திருடினவனைத் தண்டிப்பதற்காகச் சங்கத்தின் நூலையே பாழாக்கிவிட்டுத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவன் விற்றதாவது யார் உடம்புக்கோ துணியாயிற்று. நாங்கள் கெடுத்தது திரிக்குக்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மறுபடி கூடினார்கள். இந்த முறை பெண்களும் போய் ஓரமாக நின்றோம், யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை. அங்கே முடிவானவைதான் இன்றுவரைக்கும் நம் தெருவில் இருக்கின்றன. என்ன சண்டை இருந்தாலும் பாவுக்குப் போயாக வேண்டும். நூலை உள் அறையில் வைத்துக் கொடுக்கக் கூடாது, தெருவில் தராசைக் கட்டி எல்லோர் கண் முன்னாலும் கொடுக்க வேண்டும், துணியையும் அங்கேயே நனைத்துப் பார்த்து வாங்க வேண்டும். தப்பு செய்தவன் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சிய நூல்தான் அவனுக்கு. மறுபடி செய்தால் வெளியே. சட்டப் புத்தகத்தில் இவை ஒன்றும் கிடையாது. சங்கரலிங்கம் ஒரு வருஷத்துக்கு மேல் கடைசியில் நின்றான், தலையைக் குனிந்துகொண்டு நின்றான், ஆனாலும் நின்றான். நீக்கியிருந்தால் அவனுக்கு இழக்க ஒன்றும் இருந்திருக்காது, நேராக முதலாளியிடம் போயிருப்பான். அவன் மனசு மாறினானா என்று நான் கேட்கவில்லை. தராசு தெருவுக்கு வந்தபின் யார் மனசையும் நோண்ட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

உன் அப்பா போனதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நீ பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாய். காரியங்கள் முடிந்து நீ திரும்பிப் போனபின், வீட்டில் அவர் கொண்டுவந்து வைத்த நூல் அப்படியே இருந்தது. பாவு நீட்ட வேண்டிய நாள் நெருங்கியது. ஆண் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள், நானே போய் நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்துப் படுத்திருந்தேன். விடியுமுன் கதவைத் தட்டினாள் கோமதி. இடுப்பில் கஞ்சிப் பானை. "எந்திரிங்கக்கா, வெயில் ஏறிரும்" என்றாள். வாசலில் அவளுக்குப் பின்னால் சங்கரலிங்கம் மூங்கில் கால்களை ஊன்றிக்கொண்டிருந்தான். எவளுடைய பாவு காய்வதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேனோ அவள். உன் அப்பாவை எடுத்துக்கொண்டு போனபோது அழாத நான் அன்றைக்கு அழுதேன், தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். பிறகொரு நாள் அவளிடம் கேட்டேன்: "ஏட்டி, அன்னைக்கு நீ பாசத்துல வந்தியா, தெருக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து வந்தியா?" அவள் யோசித்துவிட்டு, "வரும்போது கட்டுப்பாடுதான்க்கா. ஒங்க மூஞ்சியப் பாத்த பெறவு எதுன்னு தெரியல" என்றாள். உன் புரொபசரின் கட்டத்தில் இந்தப் பதிலை எந்த மூலையில் எழுதுவார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

அதற்கப்புறம் நான் தறியில் உட்கார்ந்தேன். பொம்பளை தறியில் உட்காருவதா என்று ஒரு மாதம் பேசினார்கள், என் துணியை நனைத்துப் பார்த்தபின் பேச்சு நின்றது. ஆனால் பங்கை மட்டும் உன் பேரில் எழுதினார்கள். "ஆம்பிளப் பேரா இருக்கட்டும்" என்றார் காரியதரிசி. நான் இருந்த நிலையில் தலையாட்டினேன். தறியில் இருப்பது நான், புத்தகத்தில் இருப்பது நீ என்று ஆகிப்போனது அப்படித்தான்.

இப்போது நடப்பதைக் கேள். நூல் கட்டுப்பாடு போய்விட்டது, கடையில் நூல் குவிந்து கிடக்கிறது. முதலாளிக்கு மறுபடி நம் தெருவின் மேல் பாசம் வந்துவிட்டது. உன் அப்பாவைக் கடைப்படிக்குக் கீழே நிறுத்திய மனிதர் போன வாரம் நம் வாசலுக்கே வந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். "தெருவே வந்துட்டுல்லா தாயி. ஒங்க ஒத்த வீடுதான் பாக்கி. பெறவு வந்தா எங்கிட்ட நூல் இருக்காது பாத்துக்கிடுங்க" என்றார். சங்கக் கூலியைவிட உயர்த்திச் சொன்னார். போதிய ஆள் இல்லாவிட்டால் சர்க்காரில் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். நான் மட்டும் தனியாக நின்றுவிட்டேனோ என்று அன்று முழுவதும் ஊடை ஓடவில்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. முதலாளி சொன்னதையே நீயும் சொல்லியிருந்தாய், படித்த பாஷையில். ஒரு நிமிஷம், நீயும் அவர் பக்கமோ என்று கோபம் வந்தது. அப்புறம் அந்தத் திருடர் கதையை இன்னொரு முறை படித்தேன். தனித்தனி அறை என்ற இடத்தில் என் விரல் நின்றது. அவர்களைத் தனித்தனி அறையில் போட்டது யார்? போலீஸ்காரன். ஏன் போட்டான்? சேர்த்துப் போட்டால் பேசிவிடுவார்கள். முதலாளி ஏன் வீடு வீடாக வருகிறார், தெருவில் தராசு கட்டுகிற நாளில் எல்லோர் முன்னாலும் வந்து ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உன் கட்டம் இல்லாவிட்டால் எனக்கு இது புரிந்திருக்காது. உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை.

உடனே எழுந்து கோமதி வீட்டுக்குப் போனேன். அவள் ராட்டையில் இருந்தாள்.

"ஏட்டி, முதலாளி வந்தாரா?"

"வந்தாவ."

"என்ன சொன்ன?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்களே போட்டுட்டியளாம்லா. அந்தக்காவே கையெழுத்துப் போட்டாச்சு, நீ எதுக்குத் தயங்குதன்னு கேட்டாவ. நாளைக்குப் போடுதோம்னு சொல்லி அனுப்பினேன்."

"நான் போட்டேன்னா? நீ போட்டதாவுல்லா எங்கிட்டச் சொன்னாரு!"

ராட்டை நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம், சிரித்து முடித்தபின் முதலாளியை வைதோம். வைததை எழுதினால் தபாலில் போகாது. தரையில் கோலப்பொடியால் உன் நாலு கட்டத்தையும் போட்டுக் காட்டினேன். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "இதுல பேசிக்கிடுததுக்குக் கட்டம் எங்கக்கா?" என்றாள். உள்ளே தறிக்குழியில் இருந்த சங்கரலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவன் எழுந்து வரவில்லை, அங்கிருந்தே சொன்னான்: "மதினி, ஒரு வருசம் என்னையக் கடைசில நிறுத்துனிய. நின்னு பழகிட்டு. இந்தச் சங்கத்த விட்டுப் போறதுன்னாலும் கடைசி ஆளாத்தான் போவேன்." திருடின கை அது. அந்தச் சொல்லை நான் நம்புகிறேன், ஏன் என்று கேட்காதே.

அன்றிலிருந்து மத்தியானங்களில் நானும் கோமதியும் வீடு வீடாகப் போகிறோம். முதலாளி எந்த வரிசையில் போனாரோ அதே வரிசையில். பெரும்பாலான வீடுகளில் இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் அடுத்த வீட்டில் ஆகிவிட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீடுகளில் முன்பணமே வாங்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் மகள் கல்யாணம் நிற்கிறது, இன்னொரு வீட்டில் மனுஷன் படுக்கையில். அவர்களை ஒரு சொல் சொல்லமாட்டேன். அவர்கள் பாவுக்கும் போகத்தான் செய்வோம். சங்கத்தைப் பற்றி நீ எழுதிய குறைகளும் பொய் இல்லை. கூலி தாமதமாக வருகிறது, விற்காத துணி அறை முழுக்க அடுக்கிக் கிடக்கிறது, காரியதரிசிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபின் கழுத்துத் திரும்புவதில்லை. இதையெல்லாம் மகாசபையில் எழுந்து நின்று கேட்கப்போகிறேன். கெட்டுக் கிடக்கிற பாவை முடிந்துதான் பார்க்க வேண்டும், எடுத்தவுடனே அறுத்துப் போட்டுவிடுகிறவர்கள் நெசவாளிகள் இல்லை. இன்னொரு கட்டுப்பாடும் கேட்கப்போகிறேன்: முதலாளியோ வேறு யாரோ என்ன பேரம் பேசினாலும், பதிலைத் தெருவில் வைத்து எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். போகிறவர்கள் போகட்டும், தெரியப் போகட்டும்.

எழுந்து நின்று கேட்க வேண்டுமானால் நான் அங்கத்தினராக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் காரியதரிசியிடம் போனேன்.

"மதினி, அது மகாசபைல்லா. பொம்பளைய வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

"தறில உக்காந்தது நல்லா இருந்துச்சுல்லா? அந்தத் துணிய நீங்கதான நனைச்சுப் பாத்து வாங்குனிய?"

"அது வேற. சட்டத்துல எடம் இருக்கான்னு பாக்கணும்."

"பாருங்க. நான் இங்கனயே இருக்கேன்."

சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். வாய்க்குள் படித்தார், முதல் பக்கத்துக்குப் போனார், மறுபடி படித்தார். நான் அவருடைய நாற்காலிக்கு எதிரே தரையில் உட்காரவில்லை, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சொந்தமாகத் தறியில் நெய்கிறவர் யாரும் சேரலாம் என்றுதான் இருக்கிறது. ஆண் என்று ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. இத்தனை வருஷமாக எங்களை யாரும் தடுக்கவில்லை, நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். "ஒரு தறிக்கு ஒரு பேருதான் மதினி. ஒங்க மகன் பேருல்லா இருக்கு. அவன் எழுதிக் கொடுத்து வெலகுனாத்தான் ஒங்க பேர ஏத்த முடியும்" என்றார். இதைச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தார்போலும். மடியிலிருந்து உன் ராஜினாமாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

ஆனால் கொடுத்துவிட்டு வரவில்லை, திரும்ப மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீ அதை எழுதியது சங்கத்தைவிட்டு நம் வீடு போவதற்காக. அந்தக் கையெழுத்தை உனக்குத் தெரியாமல் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், வீடு வீடாகப் பொய் சொல்லிப் போன முதலாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீ விலகுவதில் எனக்கு வருத்தம் இல்லை. உன் பிழைப்பு மெட்ராஸில், உன் கணக்கு உனக்குச் சரி. இந்தத் தெருவில் பாவு நீட்டாதவனுக்கு இந்தச் சங்கத்தில் பேர் எதற்கு? மெட்ராஸுக்கு நான் வருவேன், உன் வீட்டைப் பார்க்க, உன் புரொபசருக்கு நம் கட்டச் சேலை ஒன்றை அவர் சம்சாரத்துக்காகக் கொடுக்க. குடியிருக்க வரமாட்டேன். தறியை விற்கமாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

உன் ராஜினாமாக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். திருப்பிப் பார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, காகிதத்தை வீணாக்குவானேன் என்று அதில் என் விண்ணப்பத்தை எழுதிவிட்டேன். முன்பக்கத்தில் நீ போகிறாய், பின்பக்கத்தில் நான் வருகிறேன். என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், பங்கை எனக்கு மாற்றச் சம்மதம் என்று நீ எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன். என் விண்ணப்பத்துக்குக் கீழே கோமதியும் தன் பேரை எழுதச் சொன்னாள். ஒரு தறிக்கு ஒரு பேர்தானேடி என்றேன். "இருக்கட்டும்க்கா, அடுத்த மகாசபைல அதையும் கேப்போம்" என்றாள். அந்த மூலையில் இருக்கிற கைநாட்டு அவளுடையதுதான்.

கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பாதே. தபசுக்கு எப்படியும் வருவாய், நேரில் கொண்டுவா. நம் வீட்டுப் பாவு தபசுக்கு மறுநாள் விடியற்காலை. ஆடிக் காற்றில் கஞ்சி சீக்கிரம் காயும், வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆள் வேண்டும். கோமதியும் சங்கரலிங்கமும் வருகிறார்கள். முன்பணம் வாங்கின இரண்டு வீட்டாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பா நின்ற கிழக்கு முனையில் ஓர் ஆள் குறைகிறது.

உன் அம்மா